கடைசி வளையத்து எதிரி

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், எதிரிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வேன். கேட்டவர் சிரித்துவிடுவார். நீங்களும் சிரித்துவிட்டீர்கள், வக்கீலம்மா. பரவாயில்லை. அண்ணி அனுப்பிய ஆள் முறைத்துக்கொண்டு வருவார் என்று நினைத்திருந்தேன். உட்காருங்கள். அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், மற்றபடி ஒன்றும் செய்யாது.

அண்ணிக்கு வேண்டியது குருவியின் ஆட்டப் பதிவுகள். அவை எங்கே என்பதுதான் உங்கள் கேள்வி. மறைக்க ஒன்றும் இல்லை, சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கம் புரியும். பாதியில் கேட்கிறவர்கள் எல்லாரும் அண்ணன் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினோம். விண்வெளியில் சுட்டுத்தள்ளுகிற வீடியோ கேம் வரிசை ஒன்று எங்களுடையது. பெயர் 'கடைசி வளையம்'. ஆடுகிறவருக்கு ஒரு சின்ன விண்கலம். எதிரே கும்பல் கும்பலாக எதிரிக் கலங்கள். சுட்டுக்கொண்டே ஒவ்வொரு வளையமாகத் தாண்டிப் போக வேண்டும். ஆட்டக்காரரின் கலம், கதை, படம், மேடைப் பேச்சு, கைகுலுக்கல் எல்லாம் அண்ணன். எதிரே வந்து சாகிறவர்கள் எல்லாரும் நான். எது எப்போது திரும்பும், எது பதுங்கும், எது பாயும் என்று அவற்றுக்கு மூளை வைத்தது நான். செத்துப்போகிறவனுக்கு மூளை வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை, பார்த்தீர்களா.

குருவி அண்ணனின் ஒரே பெண். சிறு வயதிலிருந்து நிற்காமல் பேசுவாள், நிற்காமல் குதிப்பாள், அதனால் அந்தப் பெயர். கால் தரைக்கு எட்டாத வயதிலேயே எங்கள் சோதனை அறையில் வந்து உட்கார்ந்துகொள்வாள். கல்லூரிக்குப் போன பிறகும் அந்த நாற்காலி அவளுடையதுதான். அவள் கலம் ஓட்டுகிற விதம் தனி. திரும்பும் முன்னால் இடது இறக்கையை லேசாகச் சாய்ப்பாள், கை காட்டிவிட்டுத் திரும்புகிறவள் மாதிரி. ஒன்றைச் சுட்டு வீழ்த்தினால் வாலை ஆட்டுவாள். இன்னொன்றும் உண்டு. இரண்டு பேர் மோதும் ஆட்டத்தில் எதிரிக்குக் குண்டு தீர்ந்துவிட்டால் சுட மாட்டாள். அவன் போய் நிரப்பிக்கொண்டு வரும்வரை அங்கேயே வட்டமடித்துக்கொண்டு இருப்பாள்.

"ஏம்மா, சுட்டுட்டா ஜெயிச்சிருப்பியே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெறுங்கையா நிக்கிறவனச் சுட்டு ஜெயிச்சா அது ஜெயிப்பா, சித்தப்பா?" என்றாள்.

அந்த அறையில் யார் ஆடினாலும் விரலின் ஒவ்வொரு அசைவும் சர்வரில் பதிவாகும். எதிரிகளைச் சரிசெய்ய எனக்கு அது வேண்டும். அப்படி அவள் சின்னப் பெண்ணாக ஆடியதிலிருந்து கடைசியாக ஆடியது வரை எல்லாம் பதிவில் இருந்தன. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். திரும்பி வரவில்லை.

காரியங்கள் முடிந்து அண்ணன் ஆபீசுக்கு வந்த அன்று என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "குருவி ஆடின பதிவு எல்லாம் இருக்குமாடா?" என்று கேட்டார். பழைய சர்வர் கெட்டுப்போய்விட்டது, எல்லாம் போயிற்று என்றேன். இருந்தது. ஆனால் அவர் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். அவருடைய நல்லதுக்காகத்தான் சொன்னேன். அப்போது எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோபம் அதற்குப் பிறகு வந்தது.

மூன்றாம் பாகம் வெளிவந்தபோது, அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று ஆடுகிறவர்கள் எழுதித் தள்ளினார்கள். தப்பில்லை. எதிரி வரிசையாக வருகிறான், சுடுகிறோம், பெரிய எதிரி வருகிறான், பெரிய துப்பாக்கியால் சுடுகிறோம். நாலாம் பாகத்தில் என்ன செய்வது என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். அண்ணன் நூறு வகைத் துப்பாக்கி வைக்கலாம் என்றார். பெரிய கலம், இன்னும் பெரிய கலம் என்றார்.

ஒருநாள் அவர் வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்த கொடிகளுக்கு நடுவே நின்று நான் சொன்னேன். "துப்பாக்கிய மாத்தறதுல ஒண்ணும் இல்லண்ணா. எதிரிய மாத்தணும். அவன் நம்மள பாத்துக் கத்துக்கணும். நாம எப்படித் திரும்பறோம், எப்பப் பயப்படறோம்னு பாத்துப் பாத்து, கடைசி வளையத்துல வர்றவன் நம்மள மாதிரியே பறக்கணும். ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற எதிரி."

அண்ணன் ஈரத்துண்டை உதறிப் போட்டபடி, "ஆட வர்றவன் தோத்துட்டே இருந்தா அடுத்த பாகத்த எவன் வாங்குவான்?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

கொஞ்ச நாள் கழித்து வெளியீட்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். பெரிய அறை, நீள மேஜை, எல்லார் முன்னாலும் தண்ணீர் பாட்டில். அண்ணன் எழுந்து நின்றார். எதிரி நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஒவ்வொருவருக்கும் வேறு எதிரி என்றார். என் வார்த்தைகள், அப்படியே. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், என்னைக் கைகாட்டுவார் என்று. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது என் பொண்ணு சொன்ன யோசனை. அவ போறதுக்கு முன்னாடி சொன்னது," என்றார்.

ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வக்கீலம்மா. வேறு என்ன செய்ய முடியும். என் யோசனை என்று உயிரோடு இருக்கிற எவனிடமும் சண்டை போடலாம். செத்துப்போன பெண்ணிடமிருந்து எப்படித் திருப்பிக் கேட்பது. கூடப் பிறந்தவன் முதுகில் குத்துவது புதிதில்லை. ஆனால் பெற்ற பெண்ணையே கத்தியாக எடுத்துக்கொண்டு குத்துவார் என்று நான் நினைத்ததே இல்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சோதனை அறையில் ஒருநாள் குருவி, "உங்க எதிரிங்க எல்லாம் ஏன் சித்தப்பா இப்படி மக்கா இருக்காங்க? நாங்க ஆடறதப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா?" என்று கேட்டதுண்டு. வீட்டிலும் அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அது சின்னப் பிள்ளைப் பேச்சு. பேச்சு யாரும் பேசலாம். செய்யத் தெரிந்தவன் நான்.

செய்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு முடிவாட்டம் என்று பெயர். எந்தப் பாகமும் வெளியே போவதற்கு முன்னால் அண்ணன் கண்ணாடி அறையில் தனியாக உட்கார்ந்து, தேய்ந்துபோன அந்தப் பழைய ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து, முதல் வளையத்திலிருந்து கடைசி வளையம் வரை தானே ஆடி முடிக்க வேண்டும். அவர் முடிக்காத விளையாட்டு வெளியே போகாது. மற்றவர்கள் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டு பார்ப்போம். யாரும் உள்ளே போகக் கூடாது, யாரும் யோசனை சொல்லக் கூடாது. கடைசி எதிரியைச் சுட்டு வீழ்த்திவிட்டு அவர் எழுந்து கதவைத் திறந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் விருந்து.

நாலாம் பாகத்தின் கடைசி எதிரிக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்தது குருவியின் பதிவுகளை வைத்து. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் ஊட்டினேன். அவள் தோற்ற ஆட்டம், ஜெயித்த ஆட்டம், சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஆட்டம் எல்லாம். சொன்னால் நம்புங்கள், வேலை செய்கிறபோது எனக்குப் பழி வாங்குகிற நினைப்பே இல்லை. அண்ணன் அவளுடைய யோசனை என்றாரே, அதை முழுதாக அவளுடையதாக ஆக்கிக் கொடுக்கிறேன் என்றுதான் இருந்தது. முதல்முறை அது திரையில் இடது இறக்கையைச் சாய்த்துத் திரும்பியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரியை ஒரு பிரதி எடுத்து என் வீட்டு மெஷினில் போட்டுக்கொண்டேன். முடிவாட்டத்தன்று காலையில் மூலப் பதிவுகளை எல்லாம் அழித்தேன். கண்ட கையிலும் அவை போய்ச் சேரக் கூடாது.

அண்ணன் நன்றாக ஆடினார். வெளியே எங்களிடம் வேலை பார்த்த பிள்ளைகள் ஒவ்வொரு வளையத்துக்கும் விசில் அடித்தார்கள். கடைசி வளையம் வந்தது. தூரத்தில் ஒரே ஒரு கலம். அது இடது இறக்கையைச் சாய்த்துத் திரும்பியது. அண்ணனின் தோள் அப்படியே நின்றது. தற்செயல் என்று நினைத்திருப்பார், ஏனென்றால் மறுபடி சுட ஆரம்பித்தார். கண்மண் தெரியாமல் சுட்டார். குண்டு தீர்ந்துவிட்டது. அந்தக் கலம் அவர் முன்னால் வந்து, சுடாமல், வட்டமடித்துக்கொண்டு காத்திருந்தது.

அவர் கையை எடுத்துவிட்டார். திரும்பி, கண்ணாடிக்கு வெளியே என்னைத் தேடினார். பிறகு கதவைத் திறந்தார். பிள்ளைகள் முடிந்துவிட்டது என்று கைதட்டப் போனவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"இது யாருடா?"

"கடைசி எதிரிண்ணா."

"யாருடா இது?"

"பாத்துக் கத்துக்கிட்டது. உங்க பொண்ணோட யோசனைதானே," என்றேன்.

ஜெயிக்க வேண்டுமானால் அவர் அதைச் சுட வேண்டும். அவர் சுடவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். விளையாட்டு வெளியே போகவில்லை. வெளியீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். அண்ணனும் அண்ணியும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கலத்தோடு ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சுடுவது கிடையாது, சும்மா கூடவே பறப்பது. அண்ணி அதனோடு பேசுவாராம். சாப்பிட்டியா என்று கேட்பாராம்.

அவர்கள் மறந்தது ஒன்றுதான். அது பார்த்துக் கற்றுக்கொள்கிற எதிரி. எதிரே ஆடுகிறவர் எப்படிப் பறக்கிறாரோ அப்படிப் பறக்கப் பழகிக்கொள்ளும். எனக்கு மறக்கவில்லை. அதைச் செய்தவனே நான்தானே.

ஒரு மத்தியானம் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார், எங்கே விடுவது என்று தெரியாதவர் மாதிரி. "வால் ஆட்ட மாட்டேங்கறாடா," என்றார். "என்னை மாதிரியே திரும்பறா. நாங்க ஆட ஆட அவ போய்ட்டே இருக்கா. பழைய பதிவு எங்கயாவது இருக்கும், பாருடா. கம்பெனி, பேரு எல்லாம் நீயே எடுத்துக்க."

ஒன்றும் இல்லை அண்ணா என்றேன். கற்றுக்கொள்வதை நிறுத்தி வைக்க அதில் ஒரு வசதி உண்டு. அதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. கேட்காததை எடுத்துச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அவரிடம் சொல்லித்தானே ஒருமுறை பட்டேன். அவர் செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே தெருவில் நடந்து போனார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசுவதில்லை என்றும், திரையை அணைத்தால் மட்டும் கத்துகிறார் என்றும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: பதிவுகள் இல்லை. அண்ணன் கேட்டபோது இருந்தன, இல்லை என்றேன். பிறகு நானே அழித்தேன். அவர் கையாலேயே அவளை இழக்கட்டும் என்றுதான், தெரிந்தே அந்த மெஷினை அவர் எடுத்துப்போக விட்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் குருவி இருக்கிறாள். அதைத்தான் அண்ணியிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். என் வீட்டுப் பிரதி பத்திரமாக இருக்கிறது. உள்ளறையில், அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால். தினமும் வேலை முடிந்ததும் நானும் அவளும் ஆடுகிறோம். கற்றுக்கொள்வதை நான் நிறுத்தி வைக்கவில்லை. வளர்கிற பிள்ளையைக் கட்டிப்போடுவது எனக்குப் பிடிக்காது. அண்ணி கேட்டால் கொடுத்துவிடுகிறேன், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அவர் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் அவள் இறக்கையைச் சாய்ப்பதில்லை, நேராகப் பாய்கிறாள். வால் ஆட்டுகிற விளையாட்டுத்தனம் போய்விட்டது. நேற்று எனக்குக் குண்டு தீர்ந்துபோய் வெறுமனே நின்றேன். ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் சுட்டு வீழ்த்தினாள். பிள்ளைகள் சித்தப்பா சாயலில் வருவது எந்த வீட்டில்தான் இல்லை.