திரைக்குப் பின்னால் ஒரு கோடாலி

ஐயோ அண்ணி, அதுல உக்காராதீங்க! அந்த நாற்காலிக்கு அடி கழண்டுக்கும். ஆள மறைய வைக்கிற நாற்காலி, நாளைக்கு ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போறாரு. இந்த முக்காலிக்கு வாங்க. என் பட்டறையில வித்தை எதுவும் பண்ணாதது இது ஒண்ணுதான்.

ம், திட்டணும்னா திட்டிடுங்க, வாங்கிக்கறேன். அண்ணன் பதினெட்டு வருஷமா மேடையில வித்தை காட்டிச் சேத்து வச்ச பேர ஒரே போடுல ஒடைச்சவன் நான். ஊரே சொல்லுது, நீங்க சொன்னா என்ன? திட்ட வரலியா? அப்புறம்?

புதுத் தொட்டியா? தண்ணிக்குள்ள பூட்டிக்கிட்டுத் தப்பிச்சு வர்ற அதே வித்தைக்கா?

குடுங்க அந்தச் சீட்ட. அவர் எழுத்துதான். அதே உயரம், அதே அகலம், சரி. கண்ணாடி மட்டும் ரெண்டு மடங்கு தடிமன். கீழ என்ன இது, கோடாலிக்காரன் தேவையில்லையா? ஓ.

கோவம் எல்லாம் இல்ல அண்ணி. என்னை வேணாம்னா வேற ஒருத்தன நிறுத்தலாமே, ஆளே வேணாம்னு எழுதியிருக்காரேன்னு பாக்கறேன். எங்கப்பா செஞ்ச தொட்டியில இருந்து இன்னிக்கு வரைக்கும், திரைக்குப் பின்னால கோடாலியோட ஒருத்தன் நிக்கிறதுதான் வழக்கம். பாதி அலங்காரம்னே வைங்களேன். கோடாலியத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் உள்ள போனாத்தான் சனங்களுக்கு வயித்தக் கலக்கும். இத்தனை வருஷத்துல அது ஒடைச்சது என் கால் கட்டைவிரலத்தான், அதுவும் வண்டியில ஏத்தும்போது.

ஆமா, மூணு நிமிஷத்துல அவர் வெளிய வரலேன்னாத்தான் கண்ணாடிய ஒடைக்கணும்னு கணக்கு. நான் ஒரு நிமிஷத்துக்குள்ளயே ஒடைச்சேன், இல்லேங்கல. தண்ணி முன்வரிசை வரைக்கும் போச்சு, மூடியில இருந்த ரகசியமெல்லாம் பப்பரப்பான்னு தெரிஞ்சுது, சனங்க சிரிச்சாங்க. பயந்தாங்கொள்ளின்னு பேப்பர்ல போட்டான், போட்டுட்டுப் போறான். குடிச்சிருந்தான்னு வேணா நீங்களே சொல்லிக்குங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அண்ணன் என்னைத் திட்டினாரா?

ஒரு வார்த்தைகூடவா? மேடையில ஒரு ஆணி தூக்கிட்டு இருந்தாலே என் பரம்பரையையே இழுக்கிற மனுஷன் அவரு! பத்து நாளா ஒண்ணும் சொல்லலியா? சாப்பிடறாரா, தூங்கறாரா? நல்லாத் தூங்கறாரா. எப்போ இருந்து? புதுத் தொட்டின்னு முடிவு பண்ணதுல இருந்தா. ம்.

கை நடுக்கம் எப்படி இருக்கு? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? சீட்டுக்கட்டு கையை விட்டு நழுவினப்ப நான்தான பொறுக்கிக் குடுத்தேன். சரியாகாதுன்னு டாக்டர் சொன்னதும் நேரா இங்கதான் வந்தாரு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே முக்காலி. விரல் போனா நான் யாருடான்னு கேட்டாரு. நான் ஒரு மடையன், பதில் சொல்லாம பலகைய இழைச்சுக்கிட்டே இருந்தேன்.

இல்ல அண்ணி, செய்ய மாட்டேன். வேற யார்கிட்ட குடுத்தாலும் அவங்க கால்ல விழுந்தாவது தடுப்பேன். அழாதீங்க. கேளுங்க.

அந்த வித்தை எப்படின்னு உங்ககிட்டகூடச் சொன்னதில்லதான? இனிமே என்ன ரகசியம், சொல்றேன். மூடிக்கு மேல நாலு பூட்டு, அது சனங்க பாக்கிறதுக்கு. உள்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கு, நகத்தளவு சாவி போட்டாத் தொறந்துக்கும். அந்தச் சாவிய நான்தான் தரணும். எறங்கறதுக்கு முன்னால ரெண்டு பேரும் கை குலுக்குவோமே, அப்பத்தான். என் உள்ளங்கையில இருந்து அவர் உள்ளங்கைக்குப் போயிடும். அரை நிமிஷத்துல வெளிய வந்து தொட்டி மேல ஏறி உக்காந்துக்குவாரு. மிச்ச நேரமெல்லாம் வெளிய சனங்க பதறுறதக் கேட்டுக்கிட்டு எனக்குக் கண்ணடிப்பாரு.

அன்னிக்கும் கை குலுக்கினோம். அதுக்கப்புறம் என்னைக் கட்டிப் புடிச்சாரு. பதினெட்டு வருஷத்துல அப்படிச் செஞ்சதே இல்ல. நான் ஒரு கூமுட்டை, பாசம்னு நெனச்சேன்.

அரை நிமிஷம் ஆச்சு, ஆளு வரல. எனக்கு வேர்த்துக் கொட்டுது. கைக்குட்டை எடுக்கலாம்னு சட்டைப் பையில கைய விட்டேன்.

இந்தாங்க, கைய நீட்டுங்க. பாத்து, கீழ விழுந்தாத் தேட முடியாது. நடுங்குற கை அன்னிக்கு நடுங்கவே இல்ல அண்ணி. சாவியத் திரும்ப என் பையில போட்டது எனக்கே தெரியல. நிமிந்து பாக்கறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னையேதான் பாத்துக்கிட்டிருக்காரு. கோடாலியத் தூக்கினேன். வேணாம்னு தலைய ஆட்டினாரு.

சரி, எந்திரிங்க. இப்ப வீட்டுல அவர்கூட யாரு இருக்கா?

யாருமே இல்லியா?

செருப்ப மாட்டுங்க, சீக்கிரம். பட்டறையப் பூட்ட வேணாம், கெடக்கட்டும்.