பிட்டர் வேலப்பனார் பூட்டிய முதல் டைமிங் பெல்ட்

பல்சக்கரம் பழகிய பட்டறைப் பெருந்தகையே! கிரீசின் மணமும் கீலின் குணமும் அறிந்த கைவண்ணரே! முப்பத்தோராண்டுகள் முகம் சுளிக்காமல் முழங்கை வரை எண்ணெயில் நின்ற முதுபெரும் பிட்டரே! ரிங்லெட் புக்கிட் செரா தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலைப் பணியாளர்களாகிய நாங்கள், தாங்கள் பணி ஓய்வு பெறும் 1988ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இம்மாலைப் பொழுதில், தங்களை வணங்கி, வாழ்த்தி, வாயாரப் பாராட்டி வாசித்தளிக்கும் மடல் இது!

தங்கள் குணம் எங்களுக்குத் தெரியாதா? முகத்துக்கு நேரே "தாங்கள், தாங்கள்" என்று புகழத் தொடங்கினால், ரோலரில் ஏதோ சத்தம் கேட்கிறதென்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் கொஞ்ச நேரம், யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல், "அவர்" என்றே சொல்லப்போகிறோம். பொறுத்தருள்க!

கொழுந்து கசக்கும் ரோலர்கள் எத்தனை, காயவைக்கும் அடுப்புகள் எத்தனை, சலிக்கும் யந்திரங்கள் எத்தனை! அத்தனையும் அவர் கைபட்டு ஓடியவையே. ஆனால் 1985வரை அவர் கை படாதது ஒன்றுண்டு. அது மோட்டார் வண்டியின் எஞ்சின். அவ்வாண்டு அக்டோபரில் தோட்டத்து ஆஸ்பத்திரி வேன் புகை கக்கி நின்றது. துரை பார்த்துவிட்டு, "ஈப்போ ஒர்க்ஷாப்புக்கு அனுப்பிடலாம். ஒன்றரை மாசம் ஆகும்," என்றார்.

அந்தப் பேச்சு நடந்தபோது பக்கத்தில் நின்றவர் அடுப்பு வேலை பார்க்கும் சுப்பன். சுப்பனின் மனைவி பாஞ்சாலை அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. முன்னே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டாவது பிள்ளை, வேறு வண்டி கிடைக்காமல், கோஸ் ஏற்றிய லாரியில் போகும் வழியிலேயே போய்விட்டது. வலி கண்டால் உடனே தானா ராத்தா அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டுமென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுப்பன் வேனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்த வேலப்பனாரின் வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "பதினஞ்சு நாள் குடுங்க துரை. நம்ம பட்டறையிலேயே பிரிச்சி மாட்டிடறேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக ஓர் எஞ்சினை முழுக்கப் பிரிக்கப்போகிறார்! தட்டில் கையை வைத்தபடி விரலால் பருக்கைகளை ஒதுக்கி ஒதுக்கிச் சக்கரத்துப் பல் எண்ணிக்கொண்டிருந்தாராம். "இவருக்குப் பித்துப் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன்," என்று அவர் துணைவியார் நவமணி அம்மையார் பிறகு எங்களிடம் சொன்னார்.

பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டியாயிற்று. அவரை வாட்டியது பல்வைத்த ஒரு ரப்பர் பட்டை. பழைய எஞ்சின்களில் சங்கிலி இருக்கும். இதிலோ டைமிங் பெல்ட். கீழ்ச்சக்கரம் பிஸ்டனை ஏற்றி இறக்கும், மேல்சக்கரம் வால்வைத் திறந்து மூடும், பக்கத்துச் சக்கரம் டீசல் பம்பை ஓட்டும். மூன்றிலும் உள்ள குறிகள் தத்தம் இடத்தில் நின்றால்தான் பெல்ட்டைப் பூட்டலாம். பிசகினால் பிஸ்டன் மேலேறி வால்வை இடிக்கும். பதினைந்து நாள் உழைப்பும் ஒரே நொடியில் பழைய இரும்பாகிவிடும்.

பதின்மூன்றாம் நாள் காலை, எஞ்சின் வேனுக்குள் ஏறியாயிற்று. மூன்று சக்கரத்தின் குறிகளையும் நிறுத்தி, பெல்ட்டைப் பூட்டி, இறுக்கினார். அடுத்த வேலை, நீண்ட ஸ்பேனரைப் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பது. அந்த நேரம் பார்த்து டிரைவர் முனியாண்டி ஓடிவந்தார்.

"சுப்பா! பாஞ்சாலைக்கு வலி கண்டிருச்சு! தாப்பா ரோட்டுல மண்ணு சரிஞ்சி கெடக்கு, துரை காரு, டாக்சி ஒண்ணும் மேல வரல லா!"

இன்னும் மூன்று வாரம் கழித்து வரவேண்டிய வலி! உதவிக்கு நின்ற சுப்பன் தாமும் ஸ்பேனரைப் பற்றிக்கொண்டார். இருவருமாகச் சுற்றினார்கள். அரைச் சுற்று போயிற்று. இன்னும் கொஞ்சம் போயிற்று. நின்றுவிட்டது.

"புது ரிங்குண்ணே, டைட்டாத்தான் இருக்கும். ஒரு அழுத்து அழுத்துனா போயிரும்."

"கைய எடு சுப்பா."

"அண்ணே, அங்க அவ..."

"கைய எடுன்னு சொல்றேன்ல!"

முப்பத்தோராண்டில் அவர் குரலுயர்த்தி நாங்கள் கேட்டது அந்த ஒரு முறைதான். புது ரிங்கின் இறுக்கம் சுற்று முழுவதும் ஒரேமாதிரி இழுக்கும். இதுவோ கல்லில் முட்டியதுபோல் ஒரே இடத்தில் நின்றது. இறுக்கம் வேறு, இடிப்பு வேறு என்று அவர் கைக்குத் தெரிந்தது. மூளைக்கோ ஒன்றும் விளங்கவில்லை. குறிகள் சரியாகத்தானே நின்றன? வெளியே லயத்து வீடுகளின் பெண்கள் கூடிவிட்டார்கள். "என்ன இன்னும் ஆவலியா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அவர் நெற்றியில் வேர்வை ஊற்றியது. சுப்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சக்கரத்தை மெல்லப் பின்னுக்குத் தளர்த்தி, பூட்டிய பெல்ட்டை மறுபடி கழற்றினார்.

மேல்சக்கரத்துக் குறியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தார். அடப்பாவமே! குறியே துணியோடு வந்துவிட்டது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம்!

நடந்தது இதுதான். நான்கு நாள் முன்பு ஆயுத பூஜை. அன்று கழுவி மேசைமேல் பரப்பிக் கிடந்த உறுப்புகள் அனைத்துக்கும், ஒன்று விடாமல், சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன. மற்றவற்றை அவர் துடைத்துத்தான் மாட்டினார். மேல்சக்கரத்தில் மட்டும் குங்குமம் உதிர்ந்து, சந்தனம் காய்ந்து, வெள்ளைப் பெயிண்டுப் புள்ளிபோல் அச்சாக நின்றது. கம்பெனிக்காரன் வைத்த குறியென்று நம்பி, அழியாமல் பார்த்துப் பார்த்து அவர் காப்பாற்றியிருக்கிறார். உண்மையான குறி நாலு பல் தள்ளி, எண்ணெய் அழுக்கு அடைந்த ஒரு சிறு வெட்டாக இருந்தது. பொட்டு வைத்தது யாரென்று அவர் இன்றுவரை கேட்டதில்லை. இந்த மடலை எழுதி வாசிக்கும் கணக்கெழுதும் கிராணி அர்ஜுனனாகிய நான்தான், ஐயா! பக்தி முற்றிப்போய் ஒரு நட்டைக்கூட விடாமல் வைத்தேன். மூன்றாண்டாக மென்று விழுங்கியதைச் சபையில் சொல்லிவிட்டேன், மன்னித்தருள்க!

மறுபடியும் குறிகளை நிறுத்தினார். நகத்தால் தொட்டுத் தொட்டு மூன்று முறை பார்த்தார். பெல்ட்டைப் பூட்டி, மூச்சுவிடாமல் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. எங்கும் முட்டவில்லை, குறிகள் தத்தம் இடத்துக்கே திரும்பி வந்து நின்றன. ரேடியேட்டரை ஏற்றி, தண்ணீர் ஊற்றி, பம்பிலிருந்து காற்றெடுத்து முடிக்க மேலும் ஒன்றரை மணி நேரம். முனியாண்டி சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி திருப்பினார். பிடித்துக்கொண்டது!

பின்னால் பாஞ்சாலையும் சுப்பனும். முன்னால் முனியாண்டியும் அவரும். வளைவுக்கு வளைவு பாஞ்சாலை அலறினார். அவரோ திரும்பியே பார்க்கவில்லை. இருக்கைக்கு நடுவே எஞ்சினை மூடிய பலகைமேல் கையை வைத்து அதன் துடிப்பையே கேட்டுக்கொண்டு வந்தார். "சுப்பன் பொண்டாட்டி கத்துனதவிட இவரு முணுமுணுத்ததுதான் எனக்குப் பயமா இருந்திச்சு," என்பது முனியாண்டியின் வாக்குமூலம்.

ஆஸ்பத்திரி வாசலில் பாஞ்சாலையை உள்ளே கொண்டுபோனதும், முனியாண்டி சாவிமேல் கை வைத்தார். "தொடாத!" என்றார் அவர். அணைத்தால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ! இங்கே முடியாது, தாப்பா ரோட்டு மண்ணை அள்ளியதும் ஈப்போவுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கஷ்டமான பிரசவம், ஒன்றும் சொல்வதற்கில்லை என்றல்லவா உள்ளேயிருந்து செய்தி வந்தது! மழையில் இரண்டரை மணி நேரம் அந்த வேன் வாசலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. காவலாளி வந்து திட்டினார். புகை வருகிறதென்று நோயாளிகள் திட்டினார்கள். எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேனைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏங்க, எஞ்சின ஆஃப் பண்ணுங்க லா. பொம்பளப் புள்ள, தாயும் நல்லா இருக்காங்க. இப்பத்தான் கண்ண மூடுது, இந்தச் சத்தத்துல எப்படித் தூங்கும்?"

அவர் எட்டிச் சாவியைத் திருப்பினார். முகத்தைத் துடைக்கத் துணியை எடுத்தவர், அந்தத் துணிக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

ஐயா! "அவர்" என்றது போதும். தங்களையே பார்த்துச் சொல்கிறோம். அவசரத்தில் அழுத்தாத தங்கள் கையை வணங்குகிறோம்! தாங்களும் நவமணி அம்மையாரும் நோய் நொடி அண்டாமல், நெஞ்சில் கவலை தங்காமல், நெடுங்காலம் நிறைவோடு வாழ்க, வாழ்க! இந்த மடலைத் தங்களிடம் தர மேடைக்கு வருகிறவள் இரண்டரை வயது அம்சவல்லி, பாஞ்சாலையின் மகள். கண்ணாடி போட்ட சட்டம் கனமாக இருக்கிறது, ஆனாலும் தானேதான் தூக்கிவருவேன் என்கிறாள். குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா!

என்றும் தங்கள் அன்புக்குரிய
புக்கிட் செரா தோட்டத்துத் தொழிற்சாலை, பட்டறை, அலுவலகப் பணியாளர் அனைவரும்