அண்ணன் எப்ப மாமா ஆனாரு?

கலைமதி: நில்லு. இப்ப என்னா சொன்ன?

சந்தியா: எத அண்ணி?

கலைமதி: "மாமா தக்காளி லோடு ஏத்திட்டுப் போயிட்டாரா"ன்னு கேட்டியே. போன வாரம் வரைக்கும் எம் புருஷன் உனக்கு அண்ணன்தானே... எப்ப மாமா ஆனாரு?

சந்தியா: ஐயோ... வாய் தவறி வந்துடுச்சு.

கலைமதி: சந்தைக்குப் போயிட்டு வந்த தங்கம்மாள் சொன்னப்பகூட நான் நம்பலடி.

சந்தியா: என்னா சொன்னாங்க?

கலைமதி: தருமபுரில எங்க வண்டியாண்ட நீ நின்னியாம். உன் பைய அவரு தோள்ல மாட்டிக்கிட்டு, உனக்கு எளநி வாங்கிக் குடுத்தாராம். என்கூட சந்தைக்கு வந்தா பத்தடி முன்னால போற மனுஷன்!

சந்தியா: மெதுவா அண்ணி... வரப்புல ஆளுங்க இருக்காங்க.

கலைமதி: கேக்கட்டும். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டா, பக்கத்து வூட்டுக்காரனோட ஊர் சுத்துவியா?

சந்தியா: ஊர் சுத்தல. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கலைமதி: எந்த நோவுக்கு?

சந்தியா: ...தள்ளிப் போயிருந்துச்சு. கலைக்கப் போனேன்.

கலைமதி: யாரோடது?

சந்தியா: அண்ணி!

கலைமதி: சொல்லுடி. யாரோடது?

சந்தியா: எங்கூட்டுக்காரரோடதுதான். பொங்கலுக்கு வந்துட்டுப் போனாருல்ல? போன்ல சொன்னா, "இருக்கட்டும், இது பையனா இருக்கும்"ங்கறாரு. ரெண்டு பொண்ணப் பெத்துட்டேன், போதும் அண்ணி. சின்னவ இன்னும் பால் குடிக்கறா. என் ஒடம்புல என்னா இருக்குது?

கலைமதி: அதுக்கு எம் புருஷன்தான் கெடச்சாரா?

சந்தியா: இங்க பக்கத்துல யாரு இதெல்லாம் பண்றாங்க? நர்ஸம்மா தருமபுரிக்குப் போன்னுட்டாங்க. பஸ்ஸுல போனா ஊரே எதுக்குன்னு கேக்கும். அண்ணன் வண்டி கெளம்புச்சு, ஏறிட்டேன். வாசல்ல எறக்கி வுட்டுட்டுப் போங்கன்னுதான் சொன்னேன். அங்க ஒருத்தன், புருஷன் வராம உள்ள வுட மாட்டேன்னுட்டான்.

கலைமதி: அதனால?

சந்தியா: அண்ணன் "நான்தான் புருஷன்"னுட்டாரு. அப்புறம் அண்ணன்னா கூப்பிட முடியும்? நாள் பூரா மாமா மாமான்னு... நாக்கு பழகிப் போச்சு. உள்ள போனா டாக்டரம்மா சொல்றாங்க, புருஷனே தேவையில்லயாம். என் சம்மதம் போதுமாம்.

கலைமதி: அப்பவே கெளம்பி வந்திருக்கலாம்ல எம் புருஷன்?

சந்தியா: போங்கன்னேன். போகல. முடியற வரைக்கும் வெளியவே உக்காந்திருந்தாரு. திரும்பி வர்றப்ப... அழுதாரு அண்ணி.

கலைமதி: அவரா? எதுக்கு?

சந்தியா: "கலைமதிக்கு அன்னிக்குக் காய்ச்சல் இல்ல, எனக்குத் தெரியும்"னாரு. அதுக்கு மேல பேசல. என்னா அண்ணி அது...? அண்ணி? ஏன் உக்காந்துட்டீங்க?

கலைமதி: நானும் ஒரு தடவ மெடிக்கல்ல கலைக்கற மாத்திர வாங்கி முழுங்கிட்டு பாத்ரூம்ல கெடந்தேன்டி. ரத்தம் நிக்கவே இல்ல. காய்ச்சல்னு பொய் சொன்னேன். அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சுதான் இத்தன வருஷம் குடும்பம் நடத்தறேன். தெரிஞ்சேதான் சோறு தின்னுட்டு லோடு ஏத்தப் போயிருக்காரு... நீ அவரோட படுத்துட்டு வந்திருந்தாக்கூட உன் மயிரப் புடிச்சு இழுத்து அடிச்சிருப்பேன், ஆத்திரம் தீந்திருக்கும். எனக்கு உக்காராத மனுஷன் உனக்கு உக்காந்திருக்காரு சந்தியா. இதுக்கு நான் யாரப் போயி அடிக்கறது?