‘ன்’ போட மாட்டேன்

பொள்ளாச்சி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மூன்றாவதோ நான்காவதோ படிப்பாள். திடீரென்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

“நான் ‘ன்’ போடவே மாட்டேனுங்கம்மா.”

“டீச்சர் என்ன கேட்டாங்க கண்ணு?”

“கோடிட்ட இடத்த நெரப்பச் சொன்னாங்க. ‘முதலாளி’ன்னு போட்டு ஒரு கோடு, ‘தோட்டக்காரன்’னு போட்டு ஒரு கோடு. வந்தானா, வந்தாரான்னு எழுதோணும். நான் ரெண்டுக்கும் ‘வந்தார்’னு எழுதிப்போட்டேன்.”

“தோட்டக்காரன்னா ‘வந்தான்’னுதான வரும்?”

“அதுக்குத்தான் ‘தோட்டக்காரன்’ங்கறதையே அடிச்சு ‘தோட்டக்காரர்’னு மாத்திப்போட்டேனுங்க.”

“கேள்வியவே திருத்துனயா?”

“டீச்சரும் அதையேதான் கேட்டாங்க. அது ஒருமையாம். முதலாளிக்கு மட்டும் மரியாதைப் பன்மையாம். அழிச்சுட்டுச் சரியா எழுதிட்டு வரச் சொன்னாங்க.”

“ஒரே எழுத்துதான சாமி. அழிச்சுப்போடு. நமக்கெதுக்கு வம்பு?”

“ஒரே எழுத்துதானுங்களே, அதக் குடுத்தா என்னங்க? நம்ம அப்பாவும் தோட்டத்து வேலைதான பாக்குறாங்க. நேத்து நான் சோறு கொண்டுபோனப்ப முதலாளி பையன் அப்பாவப் பாத்து, ‘எங்கடா போனே’ன்னு கேக்கறான். அவன் எங்க கிளாஸ்தானுங்க.”

அம்மா கிணத்துக்கடவு வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“பேனாவுல எழுதுனயா, பென்சில்லயா?”

“பென்சில்லதானுங்க.”

“ஊட்டுக்குப் போனதும் பேனாவுல எழுதிப்போடு.”