பூனையின் மங்கு

ஈப்போவிலிருந்து செமோருக்குச் செல்லும் பேருந்தில், மழை சன்னல்களை வெண்மையாக்கியிருந்த பிற்பகலில், என் முன்னிருக்கையிலிருந்த முதிய பெண்மணி சொன்னார்:

"ஒன் வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கவும் யோசனையா இருக்கு லா. பூன நக்குன மங்குக் கிண்ணமும் நாம சாப்புடுற தட்டும் ஒரே சிங்குல கெடக்கு."

அருகிலிருந்தவர் அவருடைய தம்பியின் மனைவி.

"சவுக்காரம் போட்டு, சுடுதண்ணி ஊத்தித்தான் கழுவுறேன், அண்ணி."

"எலி தின்ன வாயி அது! வெளிய பைப்புல கழுவேன். ஒரு வாரம் தங்க வாரேன், எப்படிச் சாப்புடுறது?"

சுகாதார நோக்கில் அவர் பக்கமே நியாயம் இருப்பதாக நானும் எண்ணினேன்.

"அத வெளிய போட மனசு வரல, அண்ணி."

"பூன மங்குக்கு என்னடி மனசு?"

"நீல விளிம்பு போட்ட மங்கு. ஒங்க தம்பி சாப்புட்டது. அதுல மிச்சம் வச்சுத்தான் பூனைக்கும் குடுப்பாரு. அவரு போன பொறவு, அது வேற எதுலயும் வாய் வைக்க மாட்டேங்குது."

கண்ணாடிக்கு அப்பால் சுண்ணாம்புக் குன்றுகள் மழையில் கரைவதும் மீண்டும் உருப்பெறுவதுமாக இருந்தன.

"கழுவுற பஞ்சு மட்டும் அதுக்குத் தனியா வச்சுக்க."

"சரி, அண்ணி."

"நம்ம தட்டெல்லாம் மொதல்ல. அது கடைசியா."

"சரி."

இறங்குவதற்காக எழுந்தபோது, மூத்தவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நான் இருக்குற வரைக்கும், அத நானே கழுவுறேன் லா."