பொய்யாத்தான் திட்டணும்

இல்ல சார், அப்படி எழுதாதீங்க. ராப்புப் பாட்டுதான் காரணம்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடிபட்டது என் பொண்ணு. தாடை ரெண்டு எடத்துல உடைஞ்சு, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேத்துக் கம்பி போட்டுக் கட்டி, ஸ்ட்ராவுல பால் உறிஞ்சிட்டுக் கெடக்குறா. அடிச்சது கீரி. உள்ள உக்காத்தி வெச்சிருக்கீங்களே, அவன்தான். எதையும் இல்லேங்கல. ஆனா பாட்டை விட்டுருங்க.

உங்களுக்குப் புடிக்காதா? சரி, அது உங்க காது. என் வீட்டுக்காரிக்கும் ஆகாது. கட்டிப்போட்ட நாய் குரைக்கிற மாதிரி இருக்குதுங்கறா. அவளுக்குப் பாட்டுன்னா இழுக்கணும், நடுவுல ஒரு அழுகை வரணும். அழறதுக்குப் பாட்டு எதுக்குடி, அதான் நான் இருக்கேனேம்பேன்.

எனக்கும் மொதல்ல புடிக்கல சார். நான் நாப்பது வருஷமா பவர் பிரஸ் பட்டறை. ஃபோர்மேன். மேலேருந்து ரெண்டு ஆள் கனத்துக்கு இரும்பு விழும், கீழ வெச்ச தகடு ஒரே அடியில தட்டு மாதிரி குழிஞ்சு வெளிய வரும். பெடலை மிதிச்சா மொதல்ல கிளிக்குனு ஒரு சின்னச் சத்தம். அப்புறம்தான் அடி. கிளிக்-டம். கிளிக்-டம். நாள் பூரா அதான். எட்டு மெஷின் ஓடினாலும் எது பல்லு தேஞ்சிருக்கு, எது போல்ட்டு தளர்ந்திருக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். படிப்பு அஞ்சாவதுதான். காது மட்டும் பெரிய படிப்பு படிச்சது.

என் பொண்ணு ஒரு நாள் பட்டறைக்கு வந்து அந்தச் சத்தத்தைப் போன்ல புடிச்சிட்டுப் போனா. ரெண்டு நாள் கழிச்சு ஹெட்போனை என் காதுல மாட்டி விட்டா. அதே கிளிக்-டம் சார், ஆனா அது மேல அவ பேசறா. எங்கப்பன் சோத்துக்குள்ள இரும்பு மணக்கும்ங்கறா. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அன்னையிலேருந்து புடிச்சுப்போச்சு. மேடையில அவளுக்குப் பேரு சுத்தியல். சும்மாவா வெச்சாங்க?

ஆனா இந்தப் போட்டி இருக்கே, ஒருத்தரை ஒருத்தர் நேருக்கு நேர் நின்னு திட்றது, அதுலதான் எனக்கும் அவளுக்கும் சண்டை. உன் மூக்கு நிழல்ல நாலு பேர் ஒதுங்கலாம்பான் ஒருத்தன். உன் சட்டை உன்னைக் கொல்லப் பாக்குதும்பா இவ. உன்னைப் பொதைச்ச எடத்துல புல்லு மொளைக்காது, உங்கம்மா உன்னைத் தவணையில பெத்தா, இப்படியே போகும். கூட்டம் குதிக்கும். முடிஞ்சா ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருவாங்க. என்னடி இது, ஒரு வார்த்தைகூட நெசமில்லையே, பாட்டுன்னா நெசம் இருக்க வேணாமான்னு கேட்டேன். அவ சொன்னா, அப்பா, பொய்யாத்தான் திட்டணும். அதான் சட்டம். எங்கயும் எழுதி வெக்கல, எல்லாருக்கும் தெரியும். நெசத்தைத் தொட்டா அப்புறம் அது பாட்டில்லப்பா, அடிதடின்னா.

எனக்கு ஒத்துக்கல. உப்பில்லாத பேச்சுன்னு சொல்லிட்டேன்.

கீரியைத் தெரியுமான்னா கேக்கறீங்க? நல்லாக் கேட்டீங்க போங்க. என் கூட்டாளி மகன் சார். என்னை மாமாம்பான். என் பொண்ணுக்கு மொதல்ல மைக் புடிக்கக் கத்துக்குடுத்ததே அவன்தான். அவங்கப்பனும் நானும் ஒரே நாள் பட்டறையில சேந்தவங்க. அவனுக்கு இப்ப வலது கை மணிக்கட்டோட இல்ல. ஆறு வருஷம் ஆச்சு. அது என் கண்ணு முன்னாடி... கொஞ்சம் தண்ணி குடுங்க.

பெரிய தகடுன்னா ரெண்டு ஆள் வேணும் சார். ஒருத்தன் தகட்டை உள்ள வெச்சு நேர் பண்ணணும், இன்னொருத்தன் மிதிக்கணும். அன்னைக்கு வெச்சது அப்பன். மிதிக்க நின்னது கீரி. பத்தொம்பது வயசு. காதுல ஹெட்போன். அவன் கால் சும்மாவே இருக்காது, எப்பவும் தாளம் போட்டுட்டே இருக்கும். தகடு கோணிருச்சுன்னு அப்பன் கையை உள்ள விட்டு, இருடான்னு கத்தினான். எனக்குக் கேட்டுச்சு. அவனுக்குக் கேக்கல. அடுத்து கிளிக். டம்.

எலும்பு சத்தம் எப்படி இருக்கும்னு கேட்டிருக்கீங்களா? நீங்க போலீஸ், கேட்டிருப்பீங்க. தகடு மாதிரி கணீர்னு இருக்காது. ஈர விறகை மிதிச்ச மாதிரி இருக்கும். ரத்தம் என் சட்டை வரைக்கும் அடிச்சுது. விரல் எதுன்னு பொறுக்கக்கூட முடியல, அஞ்சும் ஒரே தகடாப் போச்சு.

மகன் பெடல் பக்கத்துல மரமா நிக்கறான். அப்பன் அந்த நெலமையிலயும் கத்தறான், மெஷின் தானா விழுந்துருச்சுடா, தானா விழுந்துருச்சு, எல்லாரும் பாத்துக்கங்கடான்னு. பெத்தவன் சார். எல்லாரும் நம்பினாங்க. தானா விழுந்தா கிளிக் கேக்காது. அங்க இருந்தவங்கள்ல அந்தக் கிளிக் எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது. நான் யார்கிட்டயும் மூச்சு விடல.

போன ஞாயித்துக்கெழமைக்கு வர்றேன், வர்றேன். பகல் மூணு மணிக்குப் போட்டி, என் பொண்ணுக்கும் கீரிக்கும். பழைய குடோனு, தகரக் கூரை, உள்ள எரநூறு பேர். நான் மொத வரிசை. கூட்டாளி மூணாவது வரிசையில, மொண்டிக் கையை மடியில துண்டுக்குள்ள வெச்சுட்டு உக்காந்திருக்கான். மகனைப் பாத்துப் பல்லெல்லாம் சிரிப்பு.

மொத ரவுண்டு கீரி. என் பொண்ணை நாலு திட்டு திட்டினான். அப்புறம் என்னைக் கை காட்டினான். இவங்கப்பனைப் பாருங்க, இரும்படிச்சு ரெண்டு காதும் இத்துப்போன செவிடன், மக வாய் அசையறதைப் பாத்துத் தலையாட்டுறான், இடி விழுந்தாலும் யாருடா கதவைத் தட்றதும்பான்னு.

கூரை பிச்சுக்கற மாதிரி சிரிப்பு. என் பொண்ணே சிரிக்கறா. பக்கத்துல இருந்த ஒரு பொடியன் என் காதுகிட்ட வந்து, கேக்குதா பெருசுன்னு கத்தறான்.

எனக்கு உள்ள ஏதோ அறுந்துச்சு சார். குடும்பத்தைச் சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன். மூஞ்சியைச் சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். காதைச் சொல்லிட்டான். எனக்காடா கேக்காது? உன் கால் சத்தத்தையே கேட்டவன்டா நான்னு நெஞ்சுக்குள்ள இடிக்குது.

நடுவுல பத்து நிமிஷம் விட்டாங்க. மேடைக்குப் பின்னாடி போனேன். இந்தா, ஒரு வரி தர்றேன் சொல்லுடின்னேன். ஆமா சார். நான்தான் குடுத்தேன். என்ன வரியா?

என் காது கெடக்கட்டும், உன் காலைப் பாருடா,
அப்பன் கையத் தின்ன காலுடா அது,
இன்னும் தாளம் போடுது பாருடா.

அவளுக்கு ஒண்ணும் தெரியாது. மத்தவங்களாட்டம் மெஷின் தானா விழுந்துச்சுன்னுதான் நெனச்சிட்டிருந்தா. செம கற்பனைப்பான்னு என் கன்னத்தைக் கிள்ளிட்டு மேடை ஏறினா.

சொன்னா. கூட்டம் ஓன்னு கத்துது. மூணாவது வரிசையில கூட்டாளி எந்திரிச்சு நிக்கறான், துண்டு கீழ விழுந்து கெடக்கு. கீரி குனிஞ்சு தன் காலைப் பாத்தான். தாளம் நின்னு போச்சு. அப்புறம் மைக் ஸ்டாண்டைத் தலைகீழாத் தூக்கினான். அடியில இரும்பு வட்டு. ஒரே வீச்சு. அதே ஈர விறகுச் சத்தம் சார். என் பொண்ணு வாயிலேருந்து ரெண்டு பல்லு பறந்து வந்து என் செருப்புகிட்ட விழுந்துச்சு. மறுபடி ஓங்கினான். தலையில எறங்கியிருந்தா இன்னைக்கு நீங்க வேற கேஸ் எழுதிட்டிருப்பீங்க.

தடுத்தது நானான்னா கேக்கறீங்க? இல்ல. நான் உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்தேன். மேடையில தாவி ஏறித் தடுத்தது அவங்கப்பன். இருக்குற ஒத்தைக் கையால ஸ்டாண்டைப் புடிச்சுத் தொங்கினான். இருடா, இருடான்னு கத்தினான். இந்தத் தடவை அவனுக்குக் கேட்டுருச்சு.

இன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியில என் பொண்ணு பேப்பர் கேட்டா. எழுதிக் காட்டினா. அடிச்சதைப் பத்தி ஒண்ணுமே எழுதல. அந்த வரி நெசமாப்பா? அவ்ளோதான். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். பேப்பரைக் கசக்கி என் மேல எறிஞ்சா. நேரா இங்க வந்துட்டேன்.

முன்விரோதம், கொலை முயற்சின்னு போடுவீங்க. ஏழு வருஷமோ பத்து வருஷமோ உள்ள போவான். போடுங்க, அடிச்சான் இல்ல? ஆனா என் பேச்சையும் சேத்து எழுதுங்க.

என்ன சார் யோசிக்கறீங்க? உங்க மச்சான் பட்டறையில பெடலே கெடையாதா? ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் விழுமா? சரியாத்தான் சொல்றார். எங்க மெஷின்லயும் அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு ஆள் நின்னா ஆளுக்கு ரெண்டு பட்டன், யார் கை உள்ள இருந்தாலும் அது அடிக்காது. வேலை மெதுவா ஓடுதுன்னு பட்டனைக் கழட்டிட்டுப் பெடல் மாட்டினது நான்தான். கை போன அன்னைக்கு, அதிகாரிங்க வர்றதுக்குள்ள பெடலைக் கழட்டி ஒளிச்சிட்டுப் பட்டனைத் திரும்ப மாட்டினதும் நான்தான். கீரிதான் எனக்கு டார்ச் புடிச்சான். அவங்கப்பன் ரத்தம் அப்ப இன்னும் காயல.

பெடலை மாட்டினது நான்தான்னு என்னைத் திட்ட ஒரு வரி, ஆறு வருஷமா அவன்கிட்ட இருந்துச்சு சார். ஞாயித்துக்கெழமை எரநூறு பேர் முன்னாடி என்னைக் கை காட்டி நின்னான். செவிடன்னுதான் சொன்னான்.