பாதையைக் கெடுத்தவள் பேசுகிறேன்

ஒரு கால் குட்டையான மேசைக்கு முன்னால் உடல் நிமிர்ந்து, முகம் கோணாமல் இந்தக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! என்மேல் வந்த புகார்களை எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, முக்கியமான இடங்களில் அடிக்கோடும் போட்டு வைத்திருக்கும் செயலாளர் தம்பி அவர்களே! முழங்கால் வலியோடு முன்வரிசைக்கு வந்து சேர்ந்திருக்கும் பெரியவர்களே! காலி நாற்காலிகள் இருந்தும், பாதியில் நழுவிப் போக வசதியாக இருக்கட்டும் என்று கதவோரமாகவே நிற்கும் தாய்மார்களே! நான் பேசுவதைக் கேட்க வந்தவர்களே, நான் தலைகுனிவதைப் பார்க்க வந்தவர்களே, இரண்டுக்கும் இல்லாமல் மழைக்கு ஒதுங்கியவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த மேட்டுவீட்டுக்காரியின் வணக்கம்.

என் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. நம்முடைய பாதைக் குழு எனக்காகவே எழுதி, எனக்காகவே தட்டச்சு செய்து, என் வாயால் படிப்பதற்காகக் கொடுத்த காகிதம். "என் சிறிய டிராக்டரை ஓட்டி நமது பொதுப் பாதையைக் கெடுத்துவிட்டேன், அதற்கு மன்னிப்புக் கோருகிறேன்" என்பது அதன் சாரம். ஐந்தே வரி. இதை இந்த ஒலிபெருக்கியின் முன் நின்று படித்துவிட்டால், மாதத்தில் இரண்டு நாள் என் டிராக்டர் பாதையில் இறங்கலாம். படிக்காவிட்டால் என்றைக்கும் இறங்கக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது என் வீட்டுக்காரர்கூட, "படிச்சுடும்மா, அஞ்சு வரிதானே," என்றார். நானும் படித்துவிடலாம் என்றுதான் வந்தேன். மேடை ஏறியதும்தான் மனசு மாறியது.

தலைவரே, மேசையைத் தட்டாதீர்கள். டம்ளர் தண்ணீர் தளும்பி உங்கள் காகிதங்களை நனைக்கிறது. நேரம் எனக்குப் பத்து நிமிடம் என்று சொன்னீர்கள், நினைவிருக்கிறது.

அன்பார்ந்தவர்களே! என்மேல் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது; அதனால் முதலில் குற்றவாளியை அறிமுகம் செய்துவிடுகிறேன். என்னை அல்ல, என் டிராக்டரை. பெரிய பண்ணைகளில் மலைபோல் நிற்குமே, அந்த ரகம் இல்லை. என் டிராக்டரின் மூக்கு என் மார்பு உயரம்தான் வரும். முன்னால் மண் அள்ள ஒரு வாளி. பின்னால் வேலைக்குத் தகுந்தபடி எதையும் மாட்டிக்கொள்ளலாம். ஏறி உட்கார்ந்தால் என் கால் கிளட்சுக்கு எட்டாது. முதுகுக்குப் பின்னால் வீட்டுக்காரருடைய பழைய வேலைச்சட்டையை மடித்து வைத்துக்கொண்டால்தான் எட்டும். இவ்வளவுதான் இந்தப் பயங்கர வாகனம்!

இதை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், கூரை வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் கூரையிலிருந்து விழுந்தார். நம் இருபத்துமூன்று வீடுகளில் பதினேழு வீட்டுக் கூரை அவர் கை பட்டது. விழுந்ததில் முதுகெலும்பு போனது. உயிர் இருந்தது, கால் இருந்தது, தூக்குகிற வலு மட்டும் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது மூன்று மாடு, முப்பது கோழி, பாதைக்கு இந்தப் பக்கம் வீடும் கொட்டிலும், அந்தப் பக்கம் தீவன நிலமும். இரண்டு கை. அதில் ஒன்று அவரைப் பிடிக்க வேண்டும். மீதி ஒற்றைக் கையால் என்ன செய்வேன்?

இந்த டிராக்டர்தான் என் மற்றொரு கை ஆனது. விடியும்போது கொட்டிலில் சாணம் வழிப்பது அது. வழித்ததை உரக்குழிக்குக் கொண்டுபோவது அது. தீவனக் கட்டு ஒவ்வொன்றும் என் எடை இருக்கும்; பத்துக் கட்டை ஒரே நடையில் ஏற்றி வருவது அது. வேலிக் கம்பத்துக்குக் குழி தோண்டுவது, விழுந்த மரத்தை இழுப்பது, விறகைச் சுமப்பது, இடுப்பளவு களையை வெட்டுவது, கிணற்றடிக்குச் சரளை கொட்டுவது எல்லாம் அது. முதல் நாள் என் கோழிக்கூட்டை நானே இடித்துத் தள்ளினேன், மறைக்கவில்லை. சிரிக்காதீர்கள்! கோழிகள்கூடச் சிரிக்கவில்லை. அடுத்த நாள் புதுக் கூட்டுக்குப் பலகை சுமந்ததும் அதே வண்டிதான்.

சரி, இவையெல்லாம் என் வீட்டு வேலை. பாதைக்கு ஏன் போனாய் என்று கேட்கிறீர்கள். அங்கேதான் வருகிறேன்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆஸ்பத்திரி வேன் வந்து அவரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும். மேட்டிலிருந்து பெரிய சாலை வரை நம் மண்பாதை. அப்போது அதில் நாற்பத்தேழு பள்ளம் இருந்தது. எண்ணியது நான். வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை என் மணிக்கட்டை இறுக்குகிற தடவைகளை எண்ணினேன். அவர் ஒரு சத்தம் போடவில்லை. சாலைக்கு வந்ததும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "வலிக்குதுன்னு சொன்னா நீ அழுவே. அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டேன்," என்றார். அன்றைக்கு நான் அழுதேன். அதற்கு அடுத்த நாள் அழவில்லை, டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற பிளேடு ஒன்றை இரும்புக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பிளேடு என்றால் வேறொன்றும் இல்லை. ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புத் தகடு. அதைத் தரையில் அழுத்தி இழுத்தால் மேடு சீவும், பள்ளம் நிரம்பும். ஆனால் எந்த நாளில் இழுப்பது, எப்படி இழுப்பது என்று ஒரு கணக்கு இருக்கிறது. காய்ந்த மண்ணில் இழுத்தால் தூசிதான் பறக்கும். மழை விட்ட மறுநாள் விடியலில், மண் கைக்குப் பதமாக இருக்கும்போது இழுக்க வேண்டும். முதலில் மேல்தோலைக் கீற வேண்டும். ஓரத்தில் ஒதுங்கிப்போன சரளையை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடு கொஞ்சம் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து நின்றால் மழைநீர் ஓரத்துக்கு ஓடும். நடுவிலேயே ஓடினால் அது பாதை இல்லை, வாய்க்கால். இப்படிச் செய்து முடித்த காலையில் பாதையைப் பார்த்தால் எப்படி இருக்கும்? உழுத வயல் மாதிரி இருக்கும்! சரளை கலைந்து கிடக்கும், சக்கரத் தடம் நீளமாகத் தெரியும். இரண்டு நாள் வண்டிகள் ஏறி இறங்கினால்தான் அழுந்தி, இறுகி, வழவழப்பாகும்.

புரிகிறதா, சபையோரே? செயலாளர் தம்பி தன் கோப்பில் பதினாறு போட்டோ வைத்திருக்கிறார். பதினாறும் நான் வேலை முடித்த அதே நாள் காலையில் எடுத்தவை. தேதி அச்சாகியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் எடுத்த போட்டோ ஒன்றாவது இருக்கிறதா? இருக்காது. மூன்றாம் நாள் பாதை நன்றாக இருந்தது; நன்றாக இருப்பதை யார் போட்டோ எடுக்கிறார்கள்? காயத்துக்குத் தையல் போட்டதைப் பார்த்துவிட்டு, தைத்தவளே குத்தினாள் என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்கிறாரா பின்னால் ஒருவர்? நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. நான் சொல்லவில்லை. யாருக்காகச் செய்கிறேன் என்று சொன்னால், அவருக்காக ஊரே பாவப்படும். பதினேழு கூரையில் ஏறி நின்ற மனிதரைப் பாவமாகப் பார்ப்பதை அவரும் தாங்க மாட்டார், நானும் தாங்க மாட்டேன். அதனால் வாயைத் திறக்கவில்லை. சொல்லாதது என் குற்றம். அந்தக் குற்றத்துக்கு இந்த மேடையிலேயே, எந்தக் காகிதமும் இல்லாமல், கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கெடுத்தேன் என்பதற்கா? கேட்க மாட்டேன்!

நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் பாதை முனையில் அறிவிப்புத் தொங்கியது. டிராக்டர் பாதையில் ஓடக் கூடாது. குறுக்கே கடந்து என் நிலத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். கடப்பதும் ஓட்டுவதுதான் என்று பதில் வந்தது. சரி என்று கீழ்ப்படிந்தேன். நாற்பத்தொரு நாள் தீவனத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினேன். என் தோள்பட்டை இரண்டும் இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த நாற்பத்தொரு நாளில் இரண்டு பெருமழை. பாதையை யார் பார்த்துக்கொண்டார்கள்? ஓரத்துக்குப் போக வேண்டிய நீர் நடுவில் இறங்கியது. கீறல் ஓடையானது, ஓடை பள்ளமானது. ரொட்டி வேன்காரர் பெரிய சாலையோடு நின்றுவிட்டார். இப்போது ரொட்டிக்காக நீங்கள் குடையோடு நடக்கிறீர்கள். ஆஸ்பத்திரி வேன் மூன்று வியாழக்கிழமையாக மேலே ஏறவில்லை. மூன்று வாரமாக அவருக்குப் பயிற்சி இல்லை. போன மாதம் கைத்தடியோடு கதவு வரை நடந்தவர், இப்போது கட்டில் ஓரத்தை விடுவதில்லை. இன்றைக்கு அவரை இங்கே கொண்டுவர நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். மூன்றாம் வரிசையில் இருக்கிறார். திரும்பிப் பாவமாகப் பார்க்காதீர்கள், அவருக்குப் பிடிக்காது. உங்கள் கூரை ஒழுகவில்லை என்றால் ஒரு வணக்கம் மட்டும் போடுங்கள்.

இனி ஒரு கதை. கதை இல்லை, போன வாரம் நடந்தது. செயலாளர் தம்பி நெளிய வேண்டாம், உங்கள் மானத்துக்குக் குறைவு வராமல் சொல்கிறேன்.

எனக்கு அடுத்த வீடு அவருடையது. காலையில் மருந்துக் கடையைத் திறக்கக் காரை எடுத்தார். என் வேலிக்கு வெளியே, பத்தடியில், கார் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. முன்சக்கரம் அந்தரத்தில். சேற்றோடு என் வாசலுக்கு வந்து நின்றார்.

"அக்கா, கொஞ்சம் டிராக்டரை எடுத்துட்டு வர முடியுமா? கார் மாட்டிக்கிச்சு."

"எந்த வழியா வரட்டும் தம்பி?"

"இந்த ஒரு தடவை பாதையிலயே வாங்கக்கா."

"நோட்டீஸ்ல ஒரு தடவைன்னு போடலையே. நீதானே எழுதினே?"

ஆனாலும் உதவ மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. டிராக்டரை என் வேலிக்குள்ளேயே, கேட்டுக்கு ஓர் அடி உள்ளே நிறுத்தினேன். இருந்த இரண்டு சங்கிலியையும் ஒன்றாகக் கோத்துக் காரில் மாட்டினேன். என் மண்ணில் பின்னோக்கிப் போனேன். கார் மெல்ல மெல்ல ஏறி வெளியே வந்தது. என் டிராக்டரின் ஒரு சக்கரம், ஒரே ஒரு சக்கரம், உங்கள் பாதையைத் தொட்டதா தம்பி? நீங்களே சொல்லுங்கள். தொடவில்லை என்று தலையாட்டுகிறார். நன்றி. உங்கள் சட்டத்தை உங்கள் காரை இழுக்கும்போதுகூட நான் மீறவில்லை.

அதற்கு மறுநாள் என்ன வந்தது? நன்றி வந்ததா? இந்தக் காகிதம் வந்தது! ஆறு வருடம் டிராக்டர் கிளறியதால்தான் இப்போது பாதை இப்படி ஆனது என்று புதிய காரணத்தோடு வந்தது. ஓடினாலும் கெடுத்தேன், ஓடாவிட்டாலும் கெடுத்தேன்! தைரியமாகக் கேட்கிறேன் சபையோரே: ஆறு வருடம் ரொட்டி வேன் எப்படி மேலே வந்தது? ஆறு வருடம் உங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் எந்தப் பாதையில் குலுங்காமல் வந்தார்கள்? மழை விட்ட மறுநாள் விடியலில், நீங்கள் போர்வைக்குள் புரண்டு படுத்துக்கொண்டு "சனியன், ஆரம்பிச்சிட்டா" என்று திட்டினீர்களே, அந்தச் சத்தம் எதன் சத்தம் என்று நினைத்தீர்கள்? அது உங்கள் பாதையின் சத்தம்! திட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் சீவினேன். திட்டியவர்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் பிளேடைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டா போனேன்?

முடிவுக்கு வந்துவிட்டேன். மாதம் இரண்டு நாள் எனக்கு வேண்டாம். மழை நாள்காட்டி பார்த்துப் பெய்வதில்லை. இன்றைக்கு மழை பெய்கிறது. நாளை விடியலில் மண் பதமாக இருக்கும். நாளை விடியலில் என் டிராக்டர் பாதையில் இறங்கும். பிளேடோடு இறங்கும். மேட்டிலிருந்து பெரிய சாலை வரை போய்த் திரும்பும். தடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாக வந்து நடுவில் நிற்கலாம். வரும்போது கையில் ஒரு மண்வெட்டி கொண்டுவாருங்கள்; ஓரத்துச் சரளையை உள்ளே தள்ள ஆள் தேவைப்படுகிறது. நாளை புதன். மறுநாள் வியாழன். வியாழக்கிழமை வேன் மேலே வரும், என் வீட்டுக்காரர் அதில் ஏறுவார், பெரிய சாலை வரை அவர் பல்லைக் கடிக்க மாட்டார். அதற்குத் தடை போடுகிற தீர்மானத்தை இருபத்துமூன்று வீடும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் நான் மதிக்கப்போவதில்லை!

இந்தக் காகிதத்தை என்ன செய்வது? கிழிக்கச் சொல்கிறார்கள் தாய்மார்கள். வேண்டாம், நல்ல கெட்டிக் காகிதம், வீணாக்கக் கூடாது. இரண்டாக மடிக்கிறேன். நான்காக மடிக்கிறேன். எட்டாக மடிக்கிறேன். தலைவரே, ஒரு நிமிடம் காலை நகர்த்துங்கள், நான் குனிகிறேன். இதோ, இந்தக் குட்டைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன். இப்போது தட்டுங்கள் பார்க்கலாம். ஆடுகிறதா? ஆடவில்லை.

சிந்தாமல் தண்ணீர் குடியுங்கள் தலைவரே. பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. கதவோரத்திலிருந்து ஒருவர்கூட நழுவிப் போகாத தாய்மார்களுக்கு நன்றி. மூன்றாம் வரிசைக்காரரே, அஞ்சு வரி படிக்கவில்லை, கோபிக்காதீர்கள். எல்லோருக்கும் வணக்கம். விடியலில் பார்ப்போம்.